பழைய ஸ்போர்ட்ஸ் காரை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போது நியாயமான விலை வாங்குவது எப்படி? கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சொந்தக்காரர்களும் நண்பர்களும் கார் மாற்றும்போது என்னைக் கூட அழைத்துப் போவது வழக்கம். கோவை அவிநாசி ரோடு ஷோரூம்கள், ஈரோடு, திருப்பூர் கன்சல்டிங் கடைகள், சில நேரம் கொச்சி வரைக்கும் போயிருக்கிறேன். ஸ்விஃப்ட், இன்னோவா மாற்றுகிறவர்களுக்கு என் உதவி அதிகம் தேவைப்படாது. இரண்டு கதவு கார், டர்போ கார் வைத்திருப்பவர்கள்தான் ஏமாந்து வருகிறார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஏனுங்க, ஷோரூம்ல சொல்ற விலை எங்கிருந்துங்க வருது?

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

நம் ஊரில் ஓடுகிற சாதாரணக் கார் என்றால் ஷோரூமே எடுத்து, துடைத்து, தன் யார்டில் வைத்து விற்றுவிடும். ஸ்போர்ட்ஸ் காரை அப்படி வைத்துக்கொள்ள அவர்களுக்குத் தைரியம் வராது. கரூரிலோ நாமக்கல்லிலோ அதைத் தேடி வருகிறவர் எத்தனை பேர்? ஆகவே மதிப்பீட்டாளர் உங்கள் காரைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுப்பார். படங்கள் வாட்ஸ்அப்பில் மூன்று நான்கு வியாபாரிகளுக்குப் போகும். பெங்களூரு, கொச்சி, சென்னையில் இருக்கும் அவர்களில் யார் அதிகம் சொல்கிறாரோ, அந்தத் தொகையில் ஷோரூம் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை உங்களிடம் விலையாகச் சொல்லும். உங்கள் காரை உண்மையில் வாங்குகிறவர் நீங்கள் பார்க்காத அந்த வியாபாரிதான். ஷோரூம் நடுவில் இருக்கும் தரகர்.

கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் தனித்தனியாக விரல் பிடிக்கும் தரகருக்கு மட்டும் இரண்டு விலையும் தெரியும். எக்ஸ்சேஞ்சும் அதே மாதிரிதான். துண்டுக்கு அடியில் பேசிய தொகையை நீங்களும் தெரிந்துகொண்டு போனால், நியாயத்துக்கு வெகு கீழே யாரும் இறங்க முடியாது.

எப்படித் தெரிந்துகொள்வது? ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால், ஸ்போர்ட்ஸ் கார் மட்டும் வாங்கி விற்கும் மூன்று வியாபாரிகளுக்கு நீங்களே படமும் ஆர்.சி. விவரமும் அனுப்பி, "நேரில் பார்த்து உடனே பணம் கொடுத்தால் எவ்வளவு?" என்று கேளுங்கள். ஒருவராவது வெளியூர்க்காரராக இருக்கட்டும்.

சரிங்க, நியாயமான விலைன்னா எதை வெச்சுச் சொல்றது?

அடுத்த ஆள் கையிலிருந்து கொடுக்கும் விலையில் ஆரம்பித்துப் பின்னால் வாருங்கள். விளம்பரத்தில் போட்டிருக்கும் விலையைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. அது கேட்கும் விலை. முடியும் விலை அதற்குக் கீழேதான் இருக்கும்.

ஒரு கணக்குக்கு, அடுத்தவர் 40 லட்சம் கொடுப்பார் என்று வைப்போம். வியாபாரிக்கு டயர், பாலிஷ், சின்ன ரிப்பேர் 60 ஆயிரம். இந்த மாதிரிக் கார் மூன்று மாதமாவது நிற்கும், அதற்கான வட்டி 1 லட்சத்து 10 ஆயிரம். அவர் லாபம் 2 லட்சம். வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. அவர் கட்ட வேண்டும், அது சுமார் 67 ஆயிரம் வரும். எல்லாம் சேர்த்து 4 லட்சத்து 37 ஆயிரம். ஆக 35 லட்சத்து 60 ஆயிரம் உங்கள் கைக்கு வந்தால் அது நியாயம். 34 சொன்னால் பேசலாம். 30 சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

வியாபாரிக்கு லாபம் வேண்டும். அதில் தப்பே இல்லை. நாம் நூல் விற்றாலும் மஞ்சள் விற்றாலும் அப்படித்தானே. அந்த லாபம் எவ்வளவு என்பது நமக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

"எக்ஸ்சேஞ்ச் போனஸ் 2 லட்சம்"னு போர்டு வெச்சிருக்காங்களே?

போர்டைப் பார்க்காதீர்கள். முதல் நாள் போகும்போது பழைய காரைப் பற்றி வாயே திறக்காமல், "எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் வாங்கினால் ஆன் ரோடு என்ன வரும், தள்ளுபடி எவ்வளவு?" என்று மட்டும் கேட்டு, எழுதி வாங்கி வாருங்கள். இரண்டாவது முறை போகும்போது பழைய காரைக் கொண்டு போங்கள்.

இப்படிச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? இந்தக் கையில் போனஸ் கொடுத்து, அந்தக் கையில் தள்ளுபடியைக் குறைப்பார்கள். இல்லை, பழைய கார் விலையிலேயே இரண்டு லட்சத்தைக் கழித்துவிட்டு அதையே போனஸ் என்று திருப்பித் தருவார்கள். பேச்சை எப்போதும் "டிஃபரன்ஸ் எவ்வளவு கட்டணும்" என்ற ஒற்றைத் தொகைக்குக் கொண்டுபோவதும் இதற்காகத்தான். டிஃபரன்ஸில் எல்லாம் மறைந்துவிடும். காகிதத்தில் நான்கு வரி தனித்தனியாகக் கேளுங்கள்: புதுக் காரின் எக்ஸ் ஷோரூம் விலை, ரொக்கத் தள்ளுபடி, பழைய காரின் விலை, போனஸ். கட்டாய ஆக்சஸரீஸ், அவர்களிடமே இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால் அதுவும் தனி வரியில் வரட்டும்.

பழைய கார் விலையில் 50 ஆயிரம் ஏற்றிக் கொடுத்துவிட்டு இன்சூரன்ஸில் 70 ஆயிரம் எடுத்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எக்ஸ்சேஞ்ச் பண்ணுனா வரி குறையும்னு அமெரிக்காவுல இருக்கற பையன் சொல்றானுங்க.

அங்கே பல மாநிலங்களில் உண்மை. இங்கே இல்லை. புதுக் காரின் முழு மதிப்புக்கும் ஜி.எஸ்.டி. உண்டு, பழைய காரின் விலை அதில் கழியாது. வரிக்காக எக்ஸ்சேஞ்ச் செய்ய வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

வாங்கினப்ப 70 லட்சம் ஆச்சு. இப்ப பாதிகூட வரலையே?

வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் நீங்கள் கொடுத்த பில்லை யாரும் பார்க்கப் போவதில்லை. இன்றைக்கு அதே கார் புதிதாக என்ன விலை என்பதைத்தான் பார்ப்பார்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம் ஆனது. அதற்கு முன் 28 சதவீதமும் அதன் மேல் 22 சதவீதம் வரை செஸ்ஸும் இருந்தது. புதுக் காரின் விலை இறங்கினால் பழைய காரின் விலையும் கூடவே இறங்கும். அதோடு தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆயுள் வரி 20 சதவீதம். நீங்கள் கட்டிய அந்தத் தொகையை அடுத்தவர் அப்படியே திருப்பித் தர மாட்டார்.

மறுபக்கமும் உண்டு. இனி வராது என்று ஆகிவிட்ட காருக்குத் தனி மரியாதை. போர்ஷே 718 பெட்ரோல் காரின் உற்பத்தி 2025-ல் நின்றுவிட்டது. ஸ்கோடா 2020-ல் ஆக்டேவியா ஆர்.எஸ். 245 காரை இந்தியாவில் 200 மட்டுமே விற்றது. இப்படிப்பட்ட கார் உங்களிடம் இருந்தால், வருடத்துக்கு இவ்வளவு தேய்மானம் என்ற அட்டவணையை வைத்து விலை சொல்பவரிடம் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். எக்ஸ்சேஞ்ச் அதற்கான இடமே இல்லை. அந்த மாடல் வைத்திருப்பவர்களின் குழுக்களில் சொல்லுங்கள், வாங்க ஆள் வரும்.

இன்சூரன்ஸ் பாலிசியில் இருக்கும் ஐ.டி.வி.யை விலை என்று நினைக்க வேண்டாம். கார் திருடுபோனால் கம்பெனி தரும் உச்சத் தொகை அது. ஐந்தாம் வருடத்தில் 50 சதவீதம் கழிக்கும் பொது அட்டவணையிலிருந்து வருவது. உங்கள் காரை அது பார்த்ததே இல்லை.

காரைப் பார்க்கறவங்க எதையெல்லாம் பார்ப்பாங்க?

மாட்டுக்குப் பல் பார்ப்பது மாதிரி முதலில் டயரைப் பார்ப்பார்கள். பக்கவாட்டில் கடைசி நான்கு எண்கள்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறேழு வயதான டயரைப் புது டயர் விலையாகக் கழிப்பார்கள். ஸ்போர்ட்ஸ் கார் டயர் நான்கும் சேர்ந்தால் சின்னத் தொகை இல்லை. அதனால் டயரின் தேதியை வீட்டிலேயே பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள்.

அடுத்தது பெயிண்டின் தடிமனை அளக்கும் பெயிண்ட் மீட்டர். கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான் காட்டும். ஒரு கதவு மட்டும் 250 என்றால் மறுபெயிண்ட். 500-ஐத் தாண்டினால் உள்ளே பட்டி இருக்கிறது, டிங்கரிங் நடந்திருக்கிறது. சின்ன உரசலுக்குப் பெயிண்ட் அடித்திருந்தால் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லி, அன்றைய படத்தையும் பில்லையும் காட்டுங்கள். படம் இருந்தால் உரசல் உரசலாகவே இருக்கும். இல்லாவிட்டால் அதுவே விபத்தாகிவிடும்.

நம் ஊருக்கே உரிய மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, தண்ணீர். சிறுவாணித் தண்ணீரில் கழுவிய காருக்கும் போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்ட காருக்கும் பெயிண்டில் வித்தியாசம் தெரியும். கறுப்பு, கருநீலக் கார்களில் உப்புப் புள்ளி படிந்து, பெயிண்டுக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற பளபளப்பு அடுக்கையே அரித்துவிடும். காட்டப் போவதற்கு முன் நல்ல டீட்டெய்லிங் கடையில் பாலிஷ் போட்டுவிடுங்கள். போட்ட காசுக்கு மேல் திரும்பக் கிடைப்பது அநேகமாக இந்த ஒரு செலவுதான்.

இரண்டு, எலி. தோட்டத்துச் சாளையில் வாரக்கணக்கில் நிறுத்திய காரில் எலி ஒயரைக் கடித்திருக்கும். அதை டேப் சுற்றி ஒட்டியிருந்தால் ஸ்கேனரில் பழைய எரர் கோடாக நிற்கும். போவதற்கு முன் நீங்களே ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்.

மூன்று, அடிப்பாகம். அவிநாசி ரோட்டில் வழுக்கிக்கொண்டு போகிற கார், ஊருக்குள் திரும்பியதும் வேகத்தடையில் வயிறு தட்டும். லிஃப்டில் ஏற்றிப் பார்த்து, கிழிந்த பிளாஸ்டிக் தட்டையும் தொங்கும் கிளிப்பையும் மாற்றுங்கள். சில ஆயிரம் ரூபாயில் முடிகிற வேலை. அப்படியே கொண்டுபோனால் "அடி வாங்கின வண்டி" என்று லட்சத்தில் பேசுவார்கள்.

கிலோமீட்டர் ரொம்பக் கம்மிங்க. ஆறு வருஷத்துல ஒம்பதாயிரம்தான்.

நல்லதுதான், ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு விலை ஏறாது. நின்றே இருந்த காரில் பேட்டரி, டயர், ரப்பர் சீல், பிரேக் டிஸ்க் எல்லாமே கேள்விக்கு வரும். குறைவாக ஓட்டியிருந்தாலும் வருடம் தவறாமல் ஆயில் மாற்றிய பில் இருந்தால்தான் அந்தக் கிலோமீட்டருக்கு மதிப்பு. பில் இல்லையென்றால், மீட்டரைக் குறைத்திருப்பார்களோ என்ற சந்தேகம்தான் வரும்.

எக்ஸாஸ்ட் மாத்தி, பவர் ஏத்த எஞ்சின் சாஃப்ட்வேர்ல ஸ்டேஜ் 1 டியூன் போட்டிருக்கேன். அதுக்குப் பணம் வருமா?

வராது. குறையும். கோவை பந்தயத்தை விரும்பும் ஊர். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, நாராயண் கார்த்திகேயன் இந்த மண்ணிலிருந்துதான் 2005-ல் ஃபார்முலா ஒன் வரை போனார். இங்கே காரை மாற்றி அமைப்பவர்களின் கைத்திறன்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் ஷோரூம் கண்ணுக்கு அது ரிஸ்க். சட்டமும் கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்கிறது.

ஆகவே ஒரிஜினல் எக்ஸாஸ்ட், வீல், ஸ்பிரிங் எல்லாவற்றையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். எக்ஸ்சேஞ்சுக்கு முன் திரும்பப் பொருத்திவிட்டு, கழற்றியதைத் தனியாக விற்றால் ஓரளவு காசு வரும். டியூனை மட்டும் மறைக்க நினைக்க வேண்டாம். ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களில் மென்பொருளை மாற்றியது தெரிந்தால் கம்பெனி கணினியில் டி.டி. 1 என்ற குறி விழும், பிறகு கம்பெனி மென்பொருளுக்கே திருப்பி மாற்றினாலும் அது போகாது. மேனுவல் கியர் போர்ஷேயில் எஞ்சினை எல்லைக்கு மேல் சுற்றவிட்டது எத்தனை முறை என்பதுகூடக் கட்டுப்பாட்டுக் கணினியில் பதிவாகியிருக்கும். டிராக்கில் ஓட்டியிருந்தால் சொல்லிவிடுங்கள். ஓட்டிய பிறகு ஆயிலும் பிரேக் ஆயிலும் மாற்றிய பில்லோடு சொன்னால் விவரம் தெரிந்தவர் மதிப்பார்.

கார் கம்பெனி பேர்ல இருக்குங்க. மில் கணக்குல வாங்குனது.

திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் பாதிப்பேர் கதை இதுதான். இங்கே ஷோரூம் சொல்லும் விலையைவிட ஆடிட்டர் சொல்லும் கணக்கு முக்கியம்.

காருக்கு வருமான வரியில் வருடம் 15 சதவீதம் தேய்மானம் காட்டியிருப்பீர்கள். 60 லட்சம் கார் நான்கு வருடத்தில் புத்தகத்தில் சுமார் 31 லட்சமாகியிருக்கும். அதை 35-க்குக் கொடுத்தால், அந்த வித்தியாசத்துக்கு உங்கள் நிறுவனம் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும். புத்தக மதிப்புக்குக் கீழே போனால் ஜி.எஸ்.டி. இல்லை. வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்காதவர்களுக்குத்தான் இந்தச் சலுகை. எக்ஸ்சேஞ்ச் என்றாலும் அது விற்பனைதான், இன்வாய்ஸ் போட வேண்டும். ஷோரூமில் பேசும்போதே "இந்த விலை ஜி.எஸ்.டி. சேர்த்தா, தனியா?" என்று கேட்டுவிடுங்கள். கேட்காமல் கடைசியில் சண்டை போட்டவர்கள் உண்டு.

சொந்தப் பெயரில், சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த கார் என்றால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

பாண்டிச்சேரி நம்பர் வண்டி?

நம்மூர் நம்பருக்கு மாற்றத் தமிழ்நாட்டு வரி கட்ட வேண்டியிருக்கும், அதை உங்கள் விலையில்தான் கழிப்பார்கள். வெளிமாநிலத்துக்குக் காரைக் கொண்டுபோகும் வியாபாரியிடம் கேட்டுப் பாருங்கள், அவருக்கு அது பெரிய விஷயமாக இருக்காது.

எந்த மாசம் கொடுத்தா நல்ல விலை?

ஆடியில் நம் ஆட்கள் வண்டி எடுக்க மாட்டார்கள். ஷோரூம் வெறிச்சோடியிருக்கும், அதனால் புதுக் காரில் தள்ளுபடி பேச நல்ல மாதம். ஆயுத பூஜை, தீபாவளி நெருக்கத்தில் தள்ளுபடி இறுகும், ஆனால் பழைய கார் வாங்குகிறவர்கள் கூடுவார்கள். டிசம்பரைத் தாண்ட விடாதீர்கள். ஜனவரி 1 அன்று ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமலே உங்கள் காருக்கு ஒரு வயது கூடிவிடும்.

கையெழுத்து வாங்கிட்டாங்க, பேர் மாத்தறதை அவங்களே பாத்துக்குவாங்கல்லீங்க?

இந்தக் கேள்விக்குத்தான் நான் குரலை உயர்த்துவேன். சில வருடங்களுக்கு முன் என் காரை ஒரு கடையில் கொடுத்தேன். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் தேதி போடாமல், வாங்குகிறவர் பெயர் இல்லாமல் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். ஏழு மாதம் கழித்து வேறு மாவட்டத்திலிருந்து அதிவேக அபராதம் என் செல்போனுக்கு வந்தது. கார் அதற்குள் இரண்டு கை மாறியிருந்தது, ஆர்.சி.யில் மட்டும் நானே இருந்தேன். அபராதம் சில ஆயிரத்தோடு போயிற்று. அந்தக் கார் யார்மேலாவது மோதியிருந்தால்? 2018-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: கார் எத்தனை கை மாறியிருந்தாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு. அபராதம் வந்த அன்றிரவு நான் தூங்கவில்லை.

இப்போது நல்ல வழி இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல், அங்கீகாரம் பெற்ற பழைய கார் வியாபாரியிடம் காரை ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் போக்குவரத்துத் துறையின் வாகன் தளத்தில் பதிய முடியும். பதிந்த பிறகு காருக்கு அந்த வியாபாரியே பொறுப்பு. "அங்கீகாரச் சான்றிதழ் இருக்கிறதா, 29சி போடுவீர்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், வாங்குகிறவர் பெயர் எழுதாத படிவத்தில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். விற்றதை 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நீங்களும் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். வெளிமாநிலத்துக்குப் போனால் படிவம் 28-ல் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்றிதழ்) வேண்டும்.

லோன் இருந்தால் அதை முடித்து, வங்கி தரும் படிவம் 35-ஐ வைத்து ஆர்.சி.யில் இருக்கும் ஹெச்.பி. என்ற கடன் பதிவை நீக்கிவிட்டுப் பேசப் போங்கள். ஆர்.சி. சுத்தமாக இருந்தால் பேரத்தில் நம் கை ஓங்கும்.

நோ கிளெய்ம் போனஸ் காரோட போயிடுமா?

போகாது, அது உங்களுடையது. ஐந்து வருடம் கிளெய்ம் செய்யாமல் இருந்தால் சொந்தச் சேத பிரீமியத்தில் (நம் காருக்கு ஆகும் சேதத்துக்கான பங்கு) 50 சதவீதம் வரை கழிவு. விற்ற ஆதாரத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கடிதம் வாங்கினால் மூன்று வருடம் வரை செல்லும். புதுக் காரின் சொந்தச் சேத பிரீமியம் ஒன்றரை லட்சம் என்றால் 75 ஆயிரம் மிச்சம். ஷோரூமில் இதை யாரும் ஞாபகப்படுத்துவதில்லை.

அப்ப நேரடியா வித்தா நல்லதுங்களா, எக்ஸ்சேஞ்சா?

நேரடியாக விற்றால் மேலே போட்ட கணக்கின்படி மூன்று நான்கு லட்சம் கூடக் கிடைக்கலாம். ஆனால் டெஸ்ட் டிரைவ் என்று வந்து காரை விரட்டிவிட்டுப் போகிறவர்களையும், இரவு பதினோரு மணிக்கு "கடைசி விலை என்ன ப்ரோ" என்று கேட்பவர்களையும் மாதக்கணக்கில் தாங்க வேண்டும். கடை, மில் என்று ஓடிக்கொண்டிருப்பவருக்கு அது முடியாது. கையில் மூன்று வியாபாரிகளின் விலை இருந்து, ஷோரூம் அதற்கு ஒரு லட்சத்துக்குள் நெருங்கி வந்தால் எக்ஸ்சேஞ்சே செய்யுங்கள் என்பேன். நெருங்கி வராவிட்டால், பழைய காரை அந்த வியாபாரிக்கே கொடுத்துவிட்டுப் புதுக் காரைத் தள்ளுபடியோடு தனியாக எடுங்கள். இரண்டையும் ஒரே இடத்தில் செய்ய வேண்டும் என்று சட்டமில்லை.

கொடுக்கற அன்னிக்கு என்னென்ன மறக்கக் கூடாதுங்க?

புதுக் கார் டெலிவரி ஆகும் நாளன்றே பழையதைக் கொடுங்கள், பேசிய விலை அதுவரை மாறாது என்று எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். ஒப்படைத்த தேதியும் நேரமும் கிலோமீட்டரும் எழுதிய ரசீது வாங்கி, மீட்டரையும் படம் எடுங்கள். நிலுவை அபராதம் எல்லாம் கட்டி, ஃபாஸ்டாகை மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் வாளையார் டோலில் யாரோ போக உங்கள் பணம் கழியும். செல்போனில் இருக்கும் கார் ஆப்பிலிருந்து காரை நீக்கி, காரின் திரையில் சேமித்த தொடர்பு எண்களையும் வீட்டு முகவரியையும் அழியுங்கள். இரண்டாவது சாவியைத் தேடி எடுத்து வையுங்கள், அது இல்லாவிட்டால் தனியாகக் கழிப்பார்கள். டேஷ்போர்டில் இருக்கும் பிள்ளையாரை எடுத்துக்கொள்ளுங்கள். புதுக் காருக்கு அவர் வேண்டும்.